கார் கூரையில் ஒரு ஓட்டை

அந்த ஓட்டையை அடைக்காம ஓயமாட்டேன்னு ரெண்டாயிரத்து ஆறு ஆவணி மாசம் எங்க வீட்டு வாசல்ல நின்னு சபதம் எடுத்தேன். பொண்டாட்டி பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துத்தான் எடுத்தேன். கல்யாணமான ஆம்பளைங்க சபதமெல்லாம் அப்படித்தான் எடுக்கணும்.

ஓட்டை எங்கன்னு கேப்பீங்க. கார் கூரையில. ஆரோவில்ல இருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குக் கிளம்பும்போது என் தலையில கட்டிட்டுப் போன பழைய கார். கூரையில சதுரமா ஒரு ஜன்னல். அதுல இருந்த கண்ணாடி எப்பவோ உடைஞ்சு போச்சு.

எனக்கு மரக்காணத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு உப்பளம் இருக்குது. பாத்தியில தண்ணியை விட்டுட்டு உப்பு பூக்குற வரைக்கும் பார்த்துக்கிட்டு நிக்கணும். உலகத்துலயே மெதுவான தொழில் அதுதான். அதனாலயோ என்னவோ, மனசு பூரா எனக்கு வேகம். அந்தக் காரை ரேஸ் கார் ஆக்கி, கார்த்திகையில மெட்ராஸ் பக்கம் நடக்குற பந்தயத்துல ஒரே ஒரு தடவை ஓட்டிடணும். கடைசியா வந்தாலும் பரவாயில்லை, வேகமாக் கடைசியா வரணும்.

கோட்டக்குப்பத்துல வெல்டிங் ஷெட்டு வச்சிருக்குற லியாகத் அலி என் கூட்டாளி. துபாய்ல ரேஸ் கார் ஷெட்டுல வேலை பார்த்தவன். அவன் காரைச் சுத்தி வந்து கூரையைத் தட்டினான்.

"ஏம்பா செல்லப்பா, இந்த ஓட்டையோட போனா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான். கார் கவிழ்ந்தா உன் தலைதான் முதல்ல தரையைத் தொடும். தகடு போட்டு அடைச்சிடு."

என் பொண்டாட்டி மலர்கொடி, நான் வாங்கிட்டு வர்ற கத்திரிக்காயைக் கூட காம்பைக் கிள்ளிப் பார்த்துத்தான் உள்ள எடுப்பா. அவ இந்தக் காருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை. அப்பவே நான் உஷாராகியிருக்கணும். சீட்டு மேல ஏறி, ஓட்டை வழியாத் தலையை நீட்டி, நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தா.

"இங்கருந்து பார்த்தா ஊரே தெரியுதுங்க."

"நாளைக்குத் தெரியாது. வெல்டிங் வச்சு அடைக்கப் போறேன். சும்மா கிண்ணுனு இருக்கும்."

"பம்பு ஷெட்டு கதவுக்கும் கிண்ணுனுதான் வெல்டு வச்சீங்க. அது இப்ப எங்க இருக்குது?"

"கீழ."

"உப்புக்காத்துங்க. வெல்டு வச்ச இடத்தைத்தான் முதல்ல தின்னும். சுத்தி டியூப் ரப்பர் வச்சு பித்தளை போல்ட்டு போடுங்க. நட்டுக்கு ரெண்டு காது வச்சது கிடைக்கும், கையாலயே திருகிடலாம்."

"கையால எதுக்குக் கழட்டணும்?"

"சோதனை பண்ற ஆபீசர், தகட்டுக்கு அடியில துரு இருக்கான்னு பார்க்கணும்பாரு. அப்பப் போயி ஸ்பேனர் தேடுவீங்களா?"

எவ்வளவு அறிவு பாருங்க! லியாகத்தும் "தங்கச்சி சொல்றது கரெக்ட்டுப்பா"ன்னுட்டான். காது வச்ச நட்டையே போட்டோம்.

அப்புறம் ஒரு மாசம் நான் கார் அடியிலயே குடியிருந்தேன். வெயிட்டைக் குறைக்கப் பின்சீட்டைத் தூக்கிப் போட்டேன். மலர்கொடி நல்லதுன்னு சொன்னா. சைலன்சரைக் கழட்டினேன். சத்தம் பொம்மையார்பாளையம் வரைக்கும் கேட்டுது. ரொம்ப நல்லதுன்னு சொன்னா. கதவுல என்ன நம்பர் எழுதலாம்னு கேட்டேன். "ரெண்டு நாள் பொறுங்க"ன்னவ, மூணாம் நாள் வந்து, "மூணுன்னு எழுதுங்க, பெருசா எழுதுங்க"ன்னா. புருஷன் கனவு மேல இவ்வளவு பாசமான்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

மறுநாள் காலையில பல்லு விளக்கிக்கிட்டே வாசலுக்கு வர்றேன், வாசல் பூரா பொம்பளைங்க. கூரையில தகட்டைக் காணோம். பின்சீட்டு இருந்த இடத்துல ரெண்டு உப்பு மூட்டை. மூட்டை மேல மலர்கொடி. ஓட்டைக்கு வெளிய இடுப்பு வரைக்கும் நிக்குறா, கழுத்துல மாலை. மகளிர் குழுவுல இருக்குற பொன்னி, நட்டையெல்லாம் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு இருந்தா.

"மலரு! என்ன இது?"

"பிரசாரம்ங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். ஊராட்சித் தலைவர் பதவியை இந்தத் தடவை பொம்பளைங்களுக்கு ஒதுக்கிட்டாங்க இல்ல? நான் நிக்குறேன். வரிசை எண் மூணு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னேனே. கார் அடியில இருந்து 'ம்'னீங்க."

பொன்னி உடனே, "ஆமாண்ணே, நானும் கேட்டேன். ரெண்டு தடவை 'ம்'னீங்க"ன்னா.

நான் ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கேன், அவ அதே ஓட்டையில நின்னு ஓட்டை அள்ளப் பார்த்திருக்கா. எனக்குக் கோவம் வந்துது. "என் தகடு எங்கடி?"ன்னேன்.

"கட்டிலுக்கு அடியில பத்திரமா இருக்குது. கோவப்படாதீங்க. இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் உப்புத்தண்ணி. பொழுது பூரா உங்க அளத்துல உப்பு சுமந்துட்டு, அப்புறம் இவளுங்க நல்ல தண்ணிக்கு ரோட்டைத் தாண்டிக் குடத்தைத் தூக்கிட்டுப் போறாளுங்க. போன மாசம் அமராவதியை லாரி இடிக்கப் பார்த்துது. குழாய் கொண்டாந்தே ஆகணும்ங்க. காலையில குடிச்சீங்களே காப்பி, அந்தத் தண்ணி எங்கருந்து வந்துதுன்னு நெனச்சீங்க?"

எனக்குச் சுருக்குனுது. இத்தனை வருஷமாக் காப்பியில சர்க்கரை கம்மின்னு கேட்டிருக்கேன், தண்ணி எங்கருந்துன்னு கேட்டதே இல்லை. வாயைக் கொப்புளிச்சிட்டு ஏறி ஸ்டியரிங்கைப் பிடிச்சேன்.

ரேஸ் கார் பத்து நாள் முதல் கியர்லயே ஊரைச் சுத்துச்சு. சைலன்சர் இல்லாத சத்தத்துக்கு மைக்கே தேவைப்படலை, தூங்குறவன் கூட எழுந்து வந்து பார்த்தான். கொஞ்சம் காலை அழுத்தினா மேல இருந்து குரல் வரும், "மெதுவா ஓட்டுங்க, அமராவதி கும்பிடுறா!"

ஜெயிச்சுட்டா! ஓட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணி முடிச்சதும் நான் போட்ட ஆட்டத்துல என் வேட்டி என்னைவிட்டுப் போயிடுச்சு. சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு ரேஸ் ஞாபகமே எனக்கு வரலை.

மறு வாரம்தான் வந்துது. கட்டிலுக்கு அடியில இருந்து தகட்டை எடுத்துட்டு ஆசையா காருகிட்டப் போனேன். உள்ள, மூட்டை இருந்த இடத்துல கறுப்பா ஒரு பிளாஸ்டிக் டேங்க். அதோட வாய் ஓட்டைக்கு நேர் கீழ.

"வந்துட்டீங்களா? முதல் கூட்டத்துல முதல் தீர்மானம்ங்க. குழாய் வர்ற வரைக்கும் தலைவர் வீட்டுக் கார்லதான் ஊருக்குத் தண்ணி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல தண்ணிக் கிணத்துல இருக்குற மோட்டார் ஹோசை மேல இருந்தே விட்டுக்கலாம். ரொம்பினதும் உங்க தகட்டைப் போட்டுத் திருகிட்டா உப்புத்தூசி விழாது."

"அந்தக் காது வச்ச நட்டு..."

"ஆமா, கையாலயே."

"யாரைக் கேட்டுத் தீர்மானம் போட்டீங்க?"

"மெம்பருங்க எல்லாரும் கை தூக்கினாங்க."

"என் ரேஸு?"

"தை மாசம் குழாய் வந்துடும். அடுத்த வருஷம் ஓட்டுங்க, நானே வந்து கொடி ஆட்டுறேன்."

வருவா. அவ ஒண்ணு சொன்னா நடத்திக் காட்டிடுவா. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஓட்டையை அடைக்காம ஓயமாட்டேன்னு சொன்னேன் இல்ல? இப்ப தினம் காலையும் சாயங்காலமும் அடைக்கிறேன். ஓயத்தான் முடியலை.

ஆனாலும் நான் பயிற்சியை விடலை. அளத்து மண் ரோட்டுல ஒவ்வொரு வளைவும் எனக்கு மனப்பாடம். நேத்து சாயங்காலம் காத்து சும்மா ஜம்முனு அடிச்சுது. தூரத்துல குடத்தோட வரிசையா நின்ன பொம்பளைங்க என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாங்க, பந்தயத்துல கடைசிக் கோட்டுகிட்ட ஆட்டுவாங்களே, அப்படி. எனக்குள்ள என்னமோ பொங்குச்சு. கடைசி வளைவுல கியரைத் தட்டி, காலை வச்சு ஒரு அழுத்து அழுத்தினேன்.

பக்கத்து சீட்டுல இருந்த தலைவர் சொன்னாங்க, "மெதுவா ஓட்டுங்க, தண்ணி தளும்புது."