யார் கண்ணிலும் படாத நோட்டீஸ்

யார் கண்ணிலும் படாத ஒரு நோட்டீஸை அச்சடித்தே தீருவது என்று, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது டிசைனர் தீர்மானம் செய்தார். நுரையோடு கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்ணாடியில் இருந்தவரும் முழு மனதோடு ஒப்புக்கொண்டார்.

இது லேசுப்பட்ட தீர்மானம் இல்லை. போகிற வருகிறவர்களின் கண்ணை இழுத்து நிறுத்துவதுதான் அவர் பிழைப்பு. அதில் அவர் சூரர், சும்மா சொல்லக்கூடாது. பல் டாக்டருக்கு அவர் செய்த போஸ்டரில், பளீர் மஞ்சளுக்கு நடுவே ஒரு கடைவாய்ப்பல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும். பல்லுக்கு ஏது கன்னம் என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனார்கள். பேக்கரிக்காரருக்குச் செய்த நோட்டீஸில் ரொட்டியின் பழுப்பில் ஒரு சொட்டுச் சிவப்பைக் கலந்துவிட்டார். வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தவர்களுக்கும் அதைப் பார்த்ததும் வாய் ஊறியது. எந்த வேலையாக இருந்தாலும் ஓரத்தில் ஒரு சிவப்புக் கை, விரலை நீட்டி, கடைக்கு வழி காட்டும். அந்தக் கைதான் அவர் முத்திரை.

சாப்பிட உட்கார்ந்தால் மனைவிக்குப் பாடம் ஆரம்பித்துவிடும்.

"சிவப்பு ஓடி வந்து சட்டையைப் பிடிக்கும். மஞ்சள் தூரத்துல இருந்தே கை தட்டிக் கூப்பிடும். நீலம் இருக்கே, அது பெரிய மனுஷன். 'நம்பி வாங்க'ன்னு மட்டும் சொல்லும். கேக்கறியா?"

"கேக்கறேன். இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?"

காது கொடுத்தே கேட்கிறதில்லை என்று டிசைனருக்கு வருத்தம். மனைவிக்கு வேறு வேலை இருந்தது. கீழே அவர்களுடைய அச்சகக் கடையில் ஆர்டர் எடுப்பது, அச்சாகி வந்ததைப் பசை வாளியோடு கொண்டுபோய்ச் சுவர் சுவராக ஒட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. ஆள் வைத்துப் பார்த்தார்கள். எல்லாரும் கோணலாக ஒட்டினார்கள். எங்கே ஒட்டுகிறாள் என்று டிசைனர் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் கலை காகிதத்தின் நாலு ஓரத்தோடு முடிந்துபோகிறது என்பது அவர் எண்ணம்.

இப்படிப்பட்டவர் ஏன் கண்ணில் படாத நோட்டீஸுக்கு ஆசைப்பட்டார் என்றால், காரணம் மாடி அறை. அதற்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள்.

"என்னங்க, மாடி ரூமை வாடகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

டிசைனருக்குப் புரையேறியது.

"அது என் ஆராய்ச்சி ரூம்!"

"என்ன ஆராய்ச்சி?"

"நிறங்களைப் பத்திச் சிந்திக்கிறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"கண்ணை மூடினாத்தான் நிறம் தெளிவாத் தெரியும்."

"அப்போ அந்தக் குறட்டை?"

"அது வந்து... ஆழ்ந்த சிந்தனை."

"அப்பா நேத்து ரொம்ப ஆழமாச் சிந்திச்சார்மா. கீழ கடை வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மதியம் சாப்பிட்டதும் மாடிக்குப் போய், கதவில் ஒரு அட்டையை மாட்டிவிட்டு, சாயங்கால வெயில் ஜன்னலில் விழும்வரை கட்டிலில் கிடப்பது டிசைனரின் வழக்கம். அட்டையில் சிவப்பு எழுத்தில் 'சிந்தனை நடக்கிறது' என்று போட்டிருக்கும். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் அவர் மனுஷனே இல்லை.

"சும்மாக் கிடக்குற ரூம்ங்க. ஒரு கட்டிலும் தலையணையும்தான் குடியிருக்கு. புது பிரிண்டர் வாங்கணும், பழசு சிவப்பைக் கேட்டா ரோஸ் துப்புதுன்னு தினமும் புலம்புறது யாரு? நீங்கதானே? வாடகை வந்தா வாங்கிடலாம்."

புலம்பியது அவரேதான். ராத்திரி முழுக்கப் புரண்டார். காலையில் பிரஷ்ஷோடு நின்றபோது ஞானம் பிறந்தது. வாடகைக்கு ஆள் வந்தால்தானே அறை போகும்? நோட்டீஸைப் பார்த்தால்தானே ஆள் வரும்? பார்க்க முடியாத நோட்டீஸைச் செய்ய இந்த ஊரில் தன்னைவிட்டால் யார்?

"வாடகை நோட்டீஸை நானே பண்றேன்" என்றார், வாயைக் கொப்பளித்துவிட்டு. மனைவி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "சந்தோஷம்ங்க" என்றாள்.

அன்று பகல் முழுவதும் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கை தானாகச் சிவப்பின் பக்கம் போயிற்று, அதட்டி இழுத்துக்கொண்டார். எழுத்து தானாகப் பெரிதாயிற்று; குட்டி, குட்டி என்று கெஞ்சிச் சிறிதாக்கினார். கடைசியில் சாம்பல் நிறத் தாளின் நடுவில், அதைவிடக் கொஞ்சமே அழுத்தமான சாம்பலில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரே வரி: 'மாடி அறை வாடகைக்கு. கேட்க வேண்டிய இடம், அச்சகம்.' சுற்றிலும் வெறும் தாள். படம் இல்லை. கட்டம் இல்லை. சிவப்புக் கையைப் போடாமல் விட்டபோது மட்டும் பெற்ற பிள்ளையைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதுபோல மனசு வலித்தது. ஆனால் எட்டி நின்று பார்த்தபோது அவருக்கே பிரமிப்பாக இருந்தது. கண்ணை அந்தத் தாளின் மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போயிற்று.

மனைவி அதை மேஜைமேல் வைத்தாள். பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி கிட்டே வந்தாள். 'என்ன இது கிரகசாரம்' என்று கத்துவாள் என்று எதிர்பார்த்து டிசைனர் நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தார்.

"ரொம்ப அமைதியா இருக்குங்க" என்றாள் அவள். "கண்ணுக்கு இதமா இருக்கு."

ஒரு பதிலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அவசரத்தில் அவர் வாய் தவறியது.

"எங்க ஒட்டப் போறே?"

"என்ன அதிசயம்! இதுவரைக்கும் நீங்க கேட்டதே இல்லையே?"

"சும்மாத்தான் கேட்டேன். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நீளமா ஒரு சிமெண்ட் சுவர் இருக்கே. அது நல்லா இருக்கும். ஆள் நடமாட்டம் ஜாஸ்தி."

அந்தப் பக்கம் ஆடுகூட எட்டிப் பார்ப்பதில்லை. அதோடு சுவரின் நிறம் அச்சு அசலாக நோட்டீஸின் நிறம். மனைவி நோட்டீஸைச் சுருட்டினாள்.

"சிமெண்ட் சுவரா? நல்லா யோசிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, பசை வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் டிசைனர் தன் வெற்றியைக் கண்ணாரப் பார்க்கத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். சுவர் முன்னால் நின்றார். நோட்டீஸைக் காணோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செய்தவன் கண்ணுக்கே அகப்படாத நோட்டீஸ்! உலகத்தில் எவன் செய்திருக்கிறான்? சைக்கிளில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"உங்களுக்கு இந்தச் சுவர்ல ஏதாவது தெரியுதா?"

"சுவர் தெரியுது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லையே."

டிசைனர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். சைக்கிள்காரர் பயந்துபோய் வேகமாக மிதித்தார். 'இன்றைக்கு நிம்மதியாக ஒரு தூக்கம்' என்று பாட்டாக முணுமுணுத்தபடி வீடு திரும்பினால், மாடிப்படி நெடுக வெளியாட்களின் செருப்புகள்.

"வாங்க சார்" என்று அவர் வீட்டு மாடிக்கே அவரை வரவேற்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "நோட்டீஸ் பாத்துட்டு வந்தோம். காத்தோட்டமான ரூம். கட்டிலும் இருக்கே!" அவர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்.

டிசைனர் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை போல இருக்கு."

"நீங்க வேற! நான் என் கண்ணாடியை வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்துட்டேன். அந்தக் கண்ணுக்கே அது ஒண்ணுதான் தெரிஞ்சுது."

ஜன்னலோரம் நின்ற வயலின் டீச்சர் திரும்பினார். "நிஜம் சார். தினமும் அந்தச் சுவர் எதிர்ல பஸ்ஸுக்கு நிக்கறேன். நின்னாலே தலைவலிக்கும். இன்னிக்கு யாரோ ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி இருந்துச்சு. கிட்டப் போய்ப் படிச்சேன்."

"பஸ்ஸா? எந்தச் சுவர்?"

"பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவர்தான், வேற எது?"

டிசைனர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சுவர் அவருடைய ராஜ்ஜியம். பல் டாக்டரின் மஞ்சள், பேக்கரியின் பழுப்பு, டிரைவிங் ஸ்கூலின் பச்சை, துணிக்கடையின் சிவப்பு, 'இன்றே', 'இப்போதே', 'விட்டால் கிடைக்காது', அத்தனையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தின. சிவப்புக் கைகள் ஆளுக்கொரு திசையில் நீண்டிருந்தன. அந்த அமளிக்கு நட்டநடுவில், நூல் பிடித்தாற்போல நேராக, சாம்பல் நிறத்தில் ஒரு தாள் சும்மா இருந்தது.

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் கிட்டே போய், கழுத்தை நீட்டி அந்தக் குட்டி எழுத்தைப் படித்தார்கள். அதைவிட வேடிக்கை, சிவப்புக் கைகளில் இரண்டு அதையே சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அவர் போட்ட கைகள். டிசைனர் கோபப்படத்தான் வந்தார். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அடடா, என்ன அழகு! எத்தனை வருஷமாகக் கலர் கலராகக் கொட்டியும் இந்தச் சுவரில் இப்படி ஒரு மூச்சு விடுகிற இடத்தை அவர் பார்த்ததில்லை. ஒரு பஸ் வந்து போயிற்று. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பெருமையாக இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, எது முதலில் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

"சிமெண்ட் சுவர்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நல்லா யோசிச்சிருக்கீங்கன்னு நானும் சொன்னேன். ஒட்டறேன்னு சொல்லலையே."

"நான் வேணும்னே மங்கலாப் பண்ணினேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"எங்க ஒட்டப் போறேன்னு கேட்டீங்களே, அப்பவே."

"சரி, அந்தச் சுவர்ல ஒட்டினா எல்லாரும் பாப்பாங்கன்னு யார் சொல்லிக் குடுத்தா? நான் சொல்லலையே!"

"நீங்க காகிதத்தைத்தாங்க பாக்கறீங்க. வாளியைத் தூக்கிட்டுப் போற நான் சுவரைப் பாக்கறேன். இப்போ நீங்க கத்தறீங்க. நான் சும்மா நிக்கறேன். உங்க பொண்ணு யாரைப் பாக்கறா?"

டிசைனர் திரும்பினார். மகள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டிசைனருக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. கோபத்தில் இருப்பதால் தட்டவில்லை. ஆனால், "பிரமாதம்" என்று அவரை அறியாமல் வந்துவிட்டது. பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"ரூம் யாருக்கு? கண்ணாடிக்காரருக்கா, டீச்சருக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்லை. ரூம் கேட்டு வந்தவங்களைவிட, 'அந்த நோட்டீஸை அங்க ஒட்டச் சொன்னது யாரு, எங்களுக்கும் இப்படி யோசிச்சுச் சொல்லுவாங்களா'ன்னு கேட்டு வந்தவங்க அதிகம். பேக்கரிக்காரர் காலையிலயே வந்துட்டார். அவங்களோட உக்காந்து பேச எனக்கு ஒரு இடம் வேணும்ல? பிரிண்டரை அந்த வேலையில வர்ற பணத்துலயே வாங்கிடலாம்."

"எந்த இடம்?" என்றார் டிசைனர், பதில் தெரிந்தே.

பிரிண்டர் வந்துவிட்டது. சிவப்பைக் கேட்டால் சிவப்பே தருகிறது. இப்போதெல்லாம் மனைவி முதலில் போய்ச் சுவரைப் பார்க்கிறாள். அங்கே எல்லாம் நீலமாக இருந்தால், 'நமக்கு ஆரஞ்சு, எழுத்து கம்மி' என்று மாடியிலிருந்து குரல் வருகிறது. டிசைனர் கீழே உட்கார்ந்து செய்துகொடுக்கிறார். வேலை முன்னைவிட அழகாக வருகிறது என்பதை வாடிக்கையாளர் எல்லாரிடமும் அவரே வாய் ஓயாமல் சொல்கிறார். மதியத் தூக்கத்துக்குத்தான் நேரமில்லை.

போன வாரம் ஒரு மதியம், சாப்பாட்டு மயக்கத்தில் அவர் கண் சொருகிக்கொண்டிருந்தபோது, சைக்கிள் கடைக்காரர் உள்ளே வந்தார்.

"டிசைனர் இருக்காங்களா?"

டிசைனர் நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொல்லுங்க, நான்தான்."

"நீங்க இல்ல சார். அந்த அம்மா."

டிசைனர் மாடிப் பக்கம் கையை நீட்டினார். மூடிய கதவில் பழைய அட்டை, புதுச் சிவப்பில், ஆடிக்கொண்டிருந்தது.

"இருக்காங்க, ஆனா இப்போ பாக்க முடியாது" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆழ்ந்த சிந்தனையில இருக்காங்க. கேக்குது பாருங்க."