பச்சைக் கவுன்

கதாநாயகி பச்சைக் கவுனில் மாடிப்படி இறங்கி வந்ததும் ஷௌகி ரிமோட்டைச் சோபாவில் வீசினார்.

"கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டானுங்க பாவிங்க."

அது வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் வரப்போகும் பழைய படத்தின் விளம்பரம். டிராம் கம்பெனியில் இருந்து ஓய்வுபெற்ற ஷௌகிக்குக் கறுப்பு வெள்ளைப் படமென்றால் உயிர். அவர் குடியிருக்கும் ஷுப்ரா பேட்டையில் யாருக்காவது பழைய நடிகர் பெயர் மறந்துபோனால் நேராக அவர் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள்.

எல்லாப் படத்துக்கும் மேலே அவருக்கு இது. நிச்சயமான புதிதில் இன்ஸாஃபோடு போய்ப் பார்த்த முதல் படம். காவலுக்கு அவள் தம்பி ஹில்மியை அனுப்பியிருந்தார்கள், சின்னப் பையன். ஒரு பொட்டலம் வறுத்த முலாம்பழ விதையை வாங்கிக் கையில் கொடுத்து, ஷௌகி அவனை ஓரச் சீட்டில் உட்காரவைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படம் அவர் கண்ணில் படவே இல்லை. இப்போது சரியாகக் கல்யாண நாளன்று வருகிறது. அன்று பார்த்தபடியே, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் பார்த்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார். அவர் முடிவு கட்டினால் அந்த வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசி மூச்சை வீணாக்குவதில்லை.

படத்தின் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவை கதாநாயகி கடைசியில் செத்துப்போவாள். இன்னொரு தடவை இரண்டு பிள்ளை பெற்றுச் சௌக்கியமாக இருப்பாள். வயதாகிறது என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

முதலில் டி.வி. நிலையத்துக்குப் போன் போட்டார். எங்களிடம் எது இருக்கிறதோ அதைத்தான் போடுவோம் என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள். சரி, நாமே பெயிண்டைக் கழுவிவிடலாம் என்று செட்டிங்கில் இறங்கி, கலரைச் சுத்தமாகக் குறைத்தார். வேறு யாரும் கைவைக்கக் கூடாதே என்று ரகசிய எண் போட்டுப் பூட்டினார். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிவதற்குள் அந்த எண்ணை மறந்தும் போனார்.

படத்துக்கு முன்னால் கால்பந்து மேட்ச். வழக்கம்போல ஹில்மி ஒரு தட்டுக் கோஃப்தாவோடு வந்து உட்கார்ந்தார். இப்போது அவருக்கும் தலை நரைத்து, தொந்தி விழுந்துவிட்டது. அவர்கள் அணியான அஹ்லிக்காரர்கள் சிவப்புச் சட்டை, எதிரணி பச்சை. டி.வி.யில் மொத்தமும் சாம்பல்.

"மச்சான், இதுல நம்மாளு யாரு?"

"பந்து யார் கால்ல இருக்கோ அவன்தான்."

கோல் விழுந்தது. ஹில்மி துள்ளிக் குதித்தார். தம்பி குதிப்பதைப் பார்த்து இன்ஸாஃப் சமையலறையிலிருந்தே குலவை போட்டாள். கோல் போட்டவன் எதிரணிக்காரன்.

கீழ்வீட்டு லபீப் அஹ்லி வெறியர். குலவைச் சத்தம் கேட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். திரையைப் பார்த்ததும் கோபம் பரிதாபமாகிவிட்டது. நான் சரிபண்ணுகிறேன் என்று ரிமோட்டை வாங்கி எதையோ அழுத்த, டி.வி. எண்ணைக் கேட்டது. ஷௌகி தன் பிறந்த தேதியைச் சொல்லிப் பார்த்தார், கல்யாணத் தேதியைச் சொல்லிப் பார்த்தார், கடைசியாகத் தன் பழைய டிராம் எண்ணையும் சொல்லிப் பார்த்தார். டி.வி. பொறுமையிழந்து இருண்டுபோனது. பிறகு பிளக்கைப் பிடுங்கிச் செருகியும் விழிக்கவில்லை.

வேறு ஆளாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஷௌகி கோட்டை மாட்டிக்கொண்டு, இன்ஸாஃப் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, லபீப் வீட்டுக்கே இறங்கிப் போய்விட்டார். பின்னால் கோஃப்தாத் தட்டோடு ஹில்மி.

அங்கே படம் ஆரம்பித்திருந்தது, முழுக் கலரில்.

"லபீப், கலரை எடுத்துடுப்பா."

"ஐயோ அண்ணே, இது என் வீட்டு டி.வி."

"இன்னிக்கு எங்க கல்யாண நாள். இந்த ஒரு தடவை எடு. இனிமே உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்."

லபீப் ரிமோட்டை எடுத்தார். அதற்குள் பச்சைக் கவுன் மாடிப்படியில் இறங்க ஆரம்பித்தது.

"பாரு இன்ஸாஃப், என்ன அநியாயம். அன்னிக்கு அந்தக் கவுன் பால் மாதிரி வெள்ளை. கழுத்துல சின்ன லேஸ். இன்னும் என் கண்ணுலயே நிக்குது. நீயே சொல்லு."

முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பேசுகிற இன்ஸாஃப் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஷௌகிக்கும் கண் கலங்கியது.

ஹில்மி கோஃப்தாவை மென்று விழுங்கினார்.

"மச்சான், வெள்ளைக் கவுன் போட்டிருந்தது அக்கா. படத்துல அன்னிக்கும் பச்சைதான். படத்தைப் பாத்தவன் நான் ஒருத்தன்தானே, என்னைக் கேட்டிருக்கலாம்ல."