சம்பந்திக்கு ஒப்புவித்த வினைச்சொல்

பாடமாக்கியே சோதனை பாஸ் பண்ணியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. முதல் வரியிலிருந்துதான் தொடங்கத் தெரியும். தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. (ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் இன்றைக்கும் ஓரேழு ஏழிலிருந்துதான் வருவேன்.)

என் மகன் கீரன் விரும்பியது நூரியா என்ற பார்சலோனாப் பெண்ணை. கல்யாணம் பேச அவளுடைய அம்மா மொன்ச்சே, லண்டன் சட்டனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒரே மகளை இங்கே நேசிப்பார்களா என்று அவருக்குக் கவலையாம். கேட்டதும் எனக்கு மனம் இளகிவிட்டது.

"அவவின்ர மொழியிலேயே சொல்லுறன். நேசிக்கிறதுக்கு என்ன சொல்லு?"

"காட்டலான்ல அஸ்திமார், அம்மா. லத்தீன்ல விலை மதிக்கிறது எண்டு அர்த்தம். எஸ்டிமேட்டும் அதிலயிருந்துதான் வந்தது."

(கூரை திருத்த வந்தவன் தந்த எஸ்டிமேட்டில் நேசம் எதையும் நான் காணவில்லை.)

ஒரு வசனம் போதும் என்றான் கீரன். நான் விடுவேனா? நான், நீ, அவள், நாங்கள் என்று எல்லா வடிவங்களையும், இறந்த காலம் உட்பட, சமைத்துக்கொண்டே பாடமாக்கினேன்.

வந்த அன்று மொன்ச்சே இடியப்பத்தை முள்ளுக்கரண்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். வேண்டியது 'நாங்கள் நேசிக்கிறோம்' மட்டும். அது நாலாவது வரியில் இருந்தது.

"அஸ்தீமு, அஸ்தீமஸ், அஸ்தீம, அஸ்திமேம்..."

அங்கேயே நின்றிருக்கலாம். நானோ கையைக் கட்டி, கண்ணை மூடி, நேசித்தேன், நேசித்தாய் என்று இறந்த காலத்துக்குள் இறங்கிவிட்டேன்.

"அம்மா, காணும்! நிப்பாட்டுங்கோ!" என்றான் கீரன்.

கண்ணைத் திறந்தால் மொன்ச்சே அழுதுகொண்டிருந்தார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தை நானே குழப்பிவிட்டேன் என்று கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன்.

நூரியா தாயின் கையைப் பிடித்து ஏதோ கேட்டாள். பிறகு எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மா படித்தது சர்வாதிகார ஆட்சிக் காலத்திலாம், பள்ளிக்கூடத்தில் காட்டலானுக்கு இடமில்லையாம். வீட்டில் பேசிய மொழியை வகுப்பில் எழுந்து நின்று ஒப்புவிக்க அவருக்கு ஒருநாளும் வாய்க்கவில்லையாம்.

மொன்ச்சே மெல்ல எழுந்தார். என்னைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு, நான் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். நடுவில் அழுகை வந்து தடுமாறியபோது நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

கல்யாணம் ஆர்ச்வே முருகன் கோயிலில் நடந்தது. இன்றும் மொன்ச்சே போன் எடுத்தால் சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். "அஸ்தீமு," என்பார் அவர். "அஸ்தீமஸ்," என்பேன் நான். இப்போது எங்கள் தமிழைப் பழகிவிட்ட நூரியா குசினியிலிருந்து கத்துவாள்:

"மாமி, இறந்த காலத்துக்குப் போயிடாதேங்கோ, சோறு ஆறுது!"