பெயர் நடுங்கிய கல்யாண சிடி

ஸ்டெடி அண்ணனைப் போலக் குழம்பிய மனிதர் மதுரைச் சீமையிலேயே கிடையாது. டீக்கடை பெஞ்சு லேசாக ஆடினால் போதும், "மாப்ள, ஆடுறது பெஞ்சா, நானா?" என்று கேட்பார். சந்தேகம் தீர எதிர்ச் சுவரில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, ஒற்றைக் கண்ணால் குறி பார்ப்பார். ஒருமுறை சுவர் தூரமாக இருந்ததால் எங்கள் முதலாளியின் வழுக்கையிலேயே ஒட்டிவிட்டார்.

செல்லூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நானும் அவரும் எடிட்டிங் பார்த்தோம். வாய் ஓயாமல் "ஸ்டெடி, ஸ்டெடி" என்று படத்தை அதட்டுவார். அதுவே அவருக்குப் பெயரானது.

ஒருநாள் திருமங்கலத்திலிருந்து மாலதி என்ற புதுப்பெண் வந்தாள். மணமேடைக்குத் தெர்மோகோலில் பெயர் வெட்டியவர்தான் அவள் அக்கா கல்யாணத்துக்கும் வெட்டியவராம். பழக்கதோஷத்தில் மறுபடியும் அக்கா பெயரையே, 'சுமதி' என்று வெட்டிவிட்டார்.

"சின்ன வயசுலேர்ந்து அக்கா பாவாடை, அக்கா புஸ்தகம். என் கல்யாணத்துலயும் அக்கா பேருதானாண்ணே?" என்று அழுதேவிட்டாள்.

"வீடியோவுல மாத்திருவோம் தாயி" என்றார் ஸ்டெடி.

கேமரா எப்படி அசைந்தாலும் அந்தப் பெயர்ப் பலகையைக் கம்ப்யூட்டர் பின்தொடரும். அதன்மேல் புதுப் பெயரை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டர் பலகையை விட்டுவிட்டுச் சுற்றிலும் மினுக்கிய சீரியல் லைட்டைப் பின்தொடர்ந்தது. லைட்டை மறைத்துக் கொடுத்தோம். அப்போதும் மாலதி நடுங்கினாள், அதாவது பெயர். அண்ணன் நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமாகக் கையால் நகர்த்திச் சரிசெய்து அனுப்பினார்.

மறுநாளே மாலதி புருஷனோடு வந்து நின்றாள். "அண்ணே, டிவில என் பேரு சாமியாடுது. மாமியா திருநீறு எடுக்கப் போயிட்டாங்க."

போட்டுப் பார்த்தோம். ஆடுகிறதா, இல்லையா என்று எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பக்கத்துச் சுவரை ஒட்டி இரவு பகலாக ஓடும் விசைத்தறி நின்றது. எங்கள் மானிட்டர் மட்டும் யுபிஎஸ்ஸில் எரிந்தது. மேஜை அசையவில்லை, மானிட்டர் அசையவில்லை. மாலதியின் பெயர் மட்டும் குத்தாட்டம் போட்டது.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாப்ள, நாலு நாளா தறி ஆட்டுனதைப் படம் ஆடுதுன்னு நெனச்சு, அம்புட்டையும் இந்தப் புள்ள பேருல ஏத்திட்டேனே!"

அன்றிலிருந்து கரண்ட் போனால் தெருவே திட்டும், அவர் மட்டும் கைதட்டுவார். யுபிஎஸ் தாங்கும் பத்து நிமிடம்தான் வேலை. கம்ப்யூட்டரை வேறு அறைக்குத் தூக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரத்தில் பெயர் பலகையோடு பலகையாக ஒட்டி நின்றது. மாலதி மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசில நன்றின்னு உங்க பேரையும் போடுங்கண்ணே. உங்க நெசப் பேரு என்ன?" என்றாள்.

 அண்ணனிடம் இதை யாரும் கேட்டதே இல்லை போல. "அது எதுக்குத் தாயி, ஸ்டெடின்னே போட்டுக்கலாம்" என்று திரும்பிக்கொண்டார்.

ஐந்து வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்ட நானும் கேட்டதில்லை. ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துபோன பிறகு இப்போது கேட்க வேண்டும்போல் இருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள் அண்ணே?