மத்தியானத் தூக்கத்துக்கு ஓர் எதிர்வழக்கு

கண்ணாடிக்கடைக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவர்மேல் வழக்குப் போட்டிருந்தாள். பால்கனிச் செடிகளுக்கு அவர் ஊற்றிய தண்ணீர், கீழே கொடியில் காய்ந்த வெள்ளைக் கோட்டு ஒன்றின்மேல் சேறும் சகதியுமாய் இறங்கியது உண்மைதான். அதற்காகச் சிறுவழக்கு மன்றத்துக்கே போய்விடுவதா?

"ஒரு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுடும்" என்றாள் மனைவி.

"முடியாது! எதிர்வழக்கு போடப்போறேன். அந்தம்மா மிஷின் கடகடன்னு ஓடி என் மத்தியானத் தூக்கமே போச்சு. நஷ்டஈடு வேணும்!"

"வழக்குதான் உங்களுக்குப் புதுசு. தோக்கறது வழக்கம்தானே?"

அவர் காதில் வாங்கவில்லை. நேரே மன்றத்துக் குமாஸ்தாவிடம் போய் நின்றார்.

"விசாரணைக்கு முன்னாடியே மனு குடுத்துடணும். நகல் அந்தம்மா கைக்குப் போகணும். நீங்களே குடுக்கக் கூடாது, வழக்குல இல்லாத ஆள் குடுக்கணும்" என்றார் குமாஸ்தா.

வேறு யார் இருக்கிறார்கள்? மனைவிதான் நகலோடு கீழே போனாள். போனவள் சாவகாசமாகத் திரும்பினாள்.

"படிச்சுட்டுச் சிரிச்சாங்க. கறையை நானே எடுத்துத் தர்றேன்னு சொன்னேன். வழக்கை வாபஸ் வாங்கறாங்களாம். நீங்களும் விட்டுடுங்க."

"பயந்துட்டாங்க!" என்று குதித்தவர், மறுபடி குமாஸ்தாவிடம் ஓடினார். வெற்றிமுகத்தோடு வீடு திரும்பினார். "அவங்க வாபஸ் வாங்கினாலும் என் எதிர்வழக்கு தனியா நிக்குமாம்டி!"

"அது நிக்கும். நீங்க நிப்பீங்களா?"

விசாரணை நாள். தலையைப் படிய வாரிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"மிஷின் சத்தத்துக்குச் சாட்சி இருக்கா?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

"இருக்குங்க. என் மனைவி. செத்தாலும் பொய் சொல்ல மாட்டா."

மனைவி எழுந்தாள்.

"மத்தியானத்துல மிஷின் சத்தம் கேக்குமாம்மா?"

"ஒரு நாள்கூடக் கேட்டதில்லீங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் இருட்டியது. "ஏய், நல்லா யோசிச்சுச் சொல்லு!"

"யோசிச்சுத்தாங்க சொல்றேன். உங்க குறட்டையைத் தாண்டி எனக்கு வேற எது கேக்கும்?"

குமாஸ்தா மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். எதிர்வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

அப்போது தையல்காரம்மா தயங்கித் தயங்கி எழுந்தாள். "அம்மா, ஒரு சந்தேகம். தினம் மத்தியானம் மேலேயிருந்து ஒரு சத்தம் வருது. மோட்டார் ரிப்பேர்னு நெனச்சுட்டிருந்தேன். இப்பத்தான் புரியுது. அதுக்கு நான் வழக்குப் போடலாங்களா?"

"தாராளமா."

கண்ணாடிக்கடைக்காரர் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். அவள் தையல்காரம்மா பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"போடுங்கக்கா. சாட்சிக்கு நான் இருக்கேன்."