காக்காட கலியாணமும் முன்சில்லால் இழுக்கிற காரும்

வெள்ளிக்கிழமைக்கு முன்னம் வாப்பாவின் காரைத் திருத்திக் கொடுக்க வேணும். எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காக்காவுக்குக் கலியாணம். என் அண்ணன், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளை அவர்தான். பெண்ணுக்கு ஊர் சாய்ந்தமருது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேணும். எப்படிப் போகிறார் என்பதில் ஊரின் கண் முழுக்க இருக்கும்.

பெண்ணின் வாப்பா ஒரே சொல்லில் நின்றார். மாப்பிள்ளை காரில் வர வேணும். அவருடைய மூத்த மருமகன் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய அன்று, மாடு பந்தலில் கட்டியிருந்த வாழைக்குலையைத் தின்றுவிட்டதாம். சாய்ந்தமருதில் இன்னும் அதைக் கதைக்கிறார்கள்.

இதற்காகவே வாப்பா மட்டக்களப்பில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவரிடம் பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். மற்றக் கார்களைப் பின்சில்லு தள்ளும். இதை முன்சில்லு இழுக்கும். அந்தப் புதுமையை வாப்பா பள்ளிவாசல் வாசலில் நின்று கனக்கப் பேருக்கு விளங்கப்படுத்தினார். கொஞ்ச நாளில் இடப்பக்க முன்சில்லுக்குள் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. முன்பக்கம் ஒரு தோள் சரிந்த மனிசன் மாதிரிப் பதிந்தது. அதற்கு மறுகா வாப்பா விளங்கப்படுத்துவதை நிறுத்தினார்.

நான் எஸ்.எஸ்.சி.யில் தவறியவன். இன்னொரு தரம் எழுத மாட்டேன் என்று வாப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். மட்டக்களப்பில் கார் திருத்துகிற ஒரு கராஜில் சேர வேணும் என்பது என் ஆசை.

"சரி," என்றார் வாப்பா. "இந்தக் காரு காக்காவக் கொண்டுபோய்ப் பொண்ணூட்டு வாசல்ல எறக்கினா நீ கராஜுக்குப் போ. இல்லாட்டி வட்டைக்குப் போய் வெள்ளாமைக்குக் காவல் இரி."

வட்டை என்பது ஊருக்கு மேற்கே, ஆள் நடமாட்டம் இல்லாத வயல்வெளி. இரவில் பன்றி வரும். பன்றிக்கு நான் பயமில்லை. காதுக்குள் பாடிக் கடிக்கிற நுளம்புக்குத்தான் பயம்.

வேலையைத் தொடங்கினேன். முதலில் காரைத் தூக்க வேணும். ஜக்கை வைத்துச் சுற்றினேன். கார் மேலே வரவில்லை. ஜக்கு கீழே போனது. எங்கள் வீட்டு வளவு முழுக்கக் கடல்மணல். பலகை வைத்தேன், பலகையும் போனது. தென்னங்குற்றி வைத்தேன், அதுவும் போனது. கிணறு வெட்டத்தான் போகிறேன் என்று உம்மா நினைத்திருக்கிறார்.

"குசினிக்குக் கிட்ட வெட்டு மகன்," என்றார் அடுப்படியில் நின்று. "தண்ணி அள்ள லேசு."

அந்த நேரம் மச்சான் வந்தார். என் அக்கா, ராத்தாவின் மாப்பிள்ளை. கரைவலை முதலாளி, பேச்சும் அலையடிக்கிற சத்தத்துக்கு மேலேதான்.

"என்னடாப்பா செய்யிறாய்?"

"அடியில வேலை மச்சான். தூக்கேலாமக் கிடக்கு."

"தோணிக்கு அடி பார்க்கிறதெண்டா நாங்க ஜக்கா வைக்கிறம்? சரிச்சுப் போட்டுப் பாரு."

நான் ஒரு நிமிசம் யோசித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது யோசித்தால் நிறையத் தெரிகிறது.

மச்சானின் வலைக்காரர் வந்தார்கள். தென்னோலையைப் பரப்பி, காரைச் சுற்றிக் கயிறு போட்டு, ஒரு தள்ளுத் தள்ளி வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். கார் அவ்வளவு அழகாகப் படுத்தது. அடி முழுக்க என் கண்ணுக்கு நேரே. கராஜ்காரர் யாருக்கும் இந்த மூளை வரவில்லையே என்று பெருமைப்பட்டேன்.

பிறகு என்ஜின் ஒயில் ஊற்றத் தொடங்கியது. பெற்றோலும் வந்தது. பற்றரித் தண்ணி ஓலையில் பட்டுப் புகைந்தது.

"தோணியில இதெல்லாம் வராதே," என்றார் மச்சான்.

சில்லைக் கழற்றினேன். நடு நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் தோணித் துடுப்பைக் கட்டி நாலு பேர் தொங்கினார்கள். துடுப்பு முறிந்தது, நட்டும் கழன்றது. சில்லைத் தாங்குகிற குண்டுமூட்டில் சொட்டுக் கிறீஸ் இல்லை. எங்களிடமும் இல்லை. தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெய் இருந்தது. தாராளமாகப் பூசினேன்.

அடுத்தது சாப்ட். என்ஜினில் இருந்து சில்லுக்குப் போகிற இரும்புத் தண்டு, அதுதான் சில்லைச் சுற்றுவது. 'டக் டக்' வருத்தம் அதன் மூட்டில்தான். கழற்றி நிமிர்த்திப் பிடித்தேன். மூட்டு வாயைத் திறந்தது. உள்ளே இருந்த இரும்பு ஊசிகள் எல்லாம் பொலபொலவென்று மணலில் விழுந்தன. தையல் ஊசியில் பாதி அளவு.

எல்லாரும் குனிந்து மணலைப் பார்த்தோம். ஊசிகளைக் காணவில்லை.

குசினிக்குள் ஓடி உம்மாவின் அரிதட்டை எடுத்து வந்து மணலை அரித்தேன். கொஞ்சம் கிடைத்தது. மிச்சம் இன்னும் எங்கள் வளவில்தான். உம்மா அதே அரிதட்டில் கலியாணப் பலகாரத்துக்கு மா அரித்தார். சாப்பிட்டவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழன் பொழுதுபட்டுவிட்டது. கொழும்பிலிருந்து சாமான் எடுக்க நேரமில்லை. காக்கா கலியாணத்துக்கு உடுக்கிற புதுச் சாரனை மடித்தபடி வந்து நின்றார்.

"தம்பி, ஓடுமா?"

"ஓம். வலப்பக்கச் சாப்ட் நல்லா இரிக்கி. ஒண்டு போதும்."

"ஒண்டு எப்படிக் காணும்?"

"வண்டில் மாட்டில ஒண்டு நொண்டினா மத்தது இழுக்கிறல்லியா?"

காக்கா நம்பினார். நானும் நம்பினேன். அதுதான் என் முழுப் படிப்பும்.

வெள்ளிக்கிழமை பின்னேர அசர் தொழுகை முடிந்தது. சில்லைப் பூட்டி, காரை நிமிர்த்தி, ஒயிலும் பெற்றோலும் ஊற்றி, கழுவி, மாலை போட்டு நிறுத்தியிருந்தேன். காக்கா அத்தர் பூசிக்கொண்டு ஏறினார். வாப்பா முன்னால் என் பக்கத்தில் ஏறினார். ஏறியவர் மூக்கைச் சுருக்கினார்.

"இதுக்குள்ள சுறா செத்துக் கிடக்கா?"

"கண்ணாடிய எறக்குங்க வாப்பா. காத்து வரும்."

சாவியைத் திருப்பினேன். என்ஜின் முதல் தரத்திலேயே பிடித்தது. வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் நின்ற சனம் கை தட்டியது. கியர் போட்டு மிதித்தேன். என்ஜின் கத்தியது. கார் நின்ற இடத்தில் நின்றது. இன்னும் மிதித்தேன். இடப்பக்கம் உள்ளே ஏதோ ஒன்று பம்பரம் மாதிரிச் சுற்றியது. என்ஜின் கொடுத்த சுற்று முழுக்கச் சாப்ட் இல்லாத அந்தப் பக்கத்துக்கே போனது. நல்லா இருந்த வலப்பக்கச் சில்லு அசையவே இல்லை.

காருக்குள் இருப்பது மாடு இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"ஏன் போகுதில்ல?" என்றார் வாப்பா.

"இளைப்பாறுது வாப்பா."

"நேத்து முழுக்கப் படுத்துத்தானே கிடந்த."

காக்காவின் முகம் மாலையை விட வாடியிருந்தது. "பொழுது படமுன்னம், மஃரிபுக்கு முன்னம் கலியாணக் காவின் எழுத வேணும் எண்டாங்க. மாமா மாட்டு வண்டிலக் கண்டாரெண்டா என்ன சொல்வார்?"

மச்சான் எட்டிப் பார்த்தார். கரைவலைக் கயிற்றைக் கொண்டு வரச் சொன்னார். முன்பக்க இரும்பில் இரண்டு வடமாகக் கட்டினார்கள். வலை இழுக்கிற அதே ஆட்கள், அதே இடுப்புப் பட்டி, அதே கூவல். மச்சான் கத்திக் கூப்பிட, அவர்கள் கத்தி மறுமொழி கொடுக்க, கார் கடற்கரை வீதியில் ஊர்ந்தது. நான் ஸ்டியரிங் பிடித்தேன். ஓடுகிற கார் மாதிரி இருக்கட்டும் என்று என்ஜினையும் உறுமவிட்டேன். வாப்பா நேரே பார்த்தபடி இருந்தார். எனக்கு வட்டை நுளம்பின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

சனம் சேர்ந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தன. பெண் வீட்டு வாசலில் பெண்ணின் வாப்பா நின்றார். கயிற்றைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பந்தல் வாழைக்குலையையும் ஒருக்கால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன இது?" என்றார்.

உண்மையைச் சொல்ல நான் வாய் திறந்தேன். வாப்பா என் காலை மிதித்தார்.

மச்சான் இடுப்புப் பட்டியைக் கழற்றியபடி சொன்னார்: "எங்கட மாப்பிளய என்ஜின நம்பி அனுப்ப எங்களுக்கு மனசில்ல. கையால இழுத்துக் கொண்டு வந்திரிக்கம்."

பெண்ணின் வாப்பா கிட்ட வந்து கயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"இந்த ஊர்ல எவன்ட மருமகனுக்கும் இப்பிடி ஒரு மரியாத கிடைக்கல்ல," என்றார். "உறுமுற காருக்கு முன்னால கயிறு. யாரு யோசிச்ச இத?"

வாப்பா தொண்டையைச் செருமினார். "நான்தான்," என்றார்.

காவின் நேரத்துக்கு எழுதப்பட்டது. காக்கா சுறா வாசத்தோடு குடிபோனார். வீடு திரும்பிய உடனே கராஜ் கதையை எடுத்தேன்.

"வாப்பா, காரு காக்காவ வாசல்ல எறக்கின."

"காரா எறக்கின? வலைக்காரன் எறக்கினான். வட்டைக்கு உன்ட சாமானக் கட்டு."

"கொழும்பிலிருந்து அந்தச் சாப்ட் மூட்டு ஒண்டு மட்டும் எடுத்துத் தாங்க. ரெண்டு நாளில ஓட வைக்கிறன்."

அதற்குள் அடுத்த ஒழுங்கை ஹாஜியார் வந்துவிட்டார். அவர் மகனுக்கும் கலியாணமாம். கார் வேணுமாம், கயிற்றோடும் ஆட்களோடும். பிறகு மருதமுனையில் இருந்து இன்னொருவர் வந்தார். அவருக்கு உறுமலும் வேணுமாம்.

வாப்பா என் கையில் இருந்த ஸ்பேனரை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "ஓடத் தொடங்கினா ஆருக்கு வேணும் இது?" என்றார்.

இப்போது கார் கலியாணங்களுக்குப் போகிறது. நான் வட்டைக்குப் போகிறேன். ரெண்டு பேரையும் ஆராவது இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டிக் கிடக்கு.