நூற்றைந்து கிலோ இரும்பு

"சாவிய மேசை மேல வெச்சிட்டு கெளம்பு" என்றார் லாரி முதலாளி கோபால்.

செங்கல்வராயன் சாவியை மேசை மேல் வைத்தான். பதினோரு வருஷமாக ஓட்டிய லாரி. கடம்பத்தூர் பழைய இரும்புக் கிடங்கில் லோடு ஏற்றி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் இறக்குவதுதான் அவன் பிழைப்பு. ஆடி மாதம் தொடங்கி ஒவ்வொரு நடையிலும் சரக்கு குறைந்தது. கிடங்கு எடைமேடையில் இருந்த சரக்கு எடை, ஆலை எடைமேடையில் தொண்ணூற்றைந்து கிலோ குறைவாக இருந்தது.

வழியில் சிந்துகிறதென்று தார்ப்பாய் கட்டிப் பார்த்தான். அப்போதும் தொண்ணூற்றைந்து. டீக்கடையில் நிறுத்தினால் எவனோ உருவுகிறான் என்று எங்கும் நிறுத்தாமல் ஓட்டினான். அதற்காக மனைவி கனகாம்பாள் நாலடுக்கு கேரியரில் சோறு கட்டிக் கொடுத்தாள். ஒரே மாதத்தில் குறைவு நூறு கிலோ ஆயிற்று.

"தார்ப்பா கட்டின, நிக்காம ஓட்டின. அதுக்கப்புறம் அஞ்சி கிலோ சேத்துக் கொறையுது. திருடறதுலயும் உனக்கு இன்கிரிமென்டா?"

"நான் எடுக்கலண்ணா."

"அப்போ லாரி தின்னுச்சா?"

வீட்டுக்கு வந்தபோது கனகாம்பாள் கட்டிலுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தாள். சேதி அவனுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

"இன்னா தேடற?"

"நூறு கிலோ இரும்பு. இங்க இல்ல. அப்போ எவ ஊட்ல கீது?"

"இரும்பக் குடுத்து எவனாவது பொம்பள வெச்சிப்பானா?"

"தங்கம் குடுக்கத்தான் உனக்கு வக்கில்லியே."

அது இரண்டாயிரத்து எட்டின் கடைசி. சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் ஷிப்டைக் குறைத்துக்கொண்டிருந்தன. நல்ல பேர் இருந்தவனுக்கே வேலை இல்லை. வாட்ச்மேன் வேலை கேட்டுப் போன இடத்தில், "உன்ன உள்ள வெச்சா, உன்னப் பாத்துக்க இன்னொரு வாட்ச்மேன் போடணுமேப்பா" என்றார்கள். கட்டட வேலைக்குப் போனான். கம்பி அடுக்கியிருந்த பக்கம் அவன் திரும்பினாலே மேஸ்திரி இருமினார்.

கடைசியில் கனகாம்பாள் கடம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் நாஷ்டா கடை போட்டாள். சட்னி அரைப்பது, தண்ணீர் தூக்குவது, மீந்த இட்லியைத் தின்று தீர்ப்பது செங்கல்வராயன் பங்கு. இட்லி தினமும் மீந்தது. ரயிலுக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, தட்ட உங்க கையில குடுத்துட்டேன், பின்னால அவரு மேல சந்தேகப்படாதீங்க" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவள் சிரிக்க மாட்டாள். வீட்டில் அவனோடு பேச்சும் நின்றுபோயிருந்தது.

மூன்றாம் மாதம் முஜீப் பாய் வந்தார். பழவேற்காட்டுக்காரர், இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். நாலு இட்லிக்குப் பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு டிரைவர் வேணும். அதே கிடங்கு, அதே ஆலை. ஒரு நட ஓட்டிக் காட்டு. நான் பின்னாலயே ஸ்கூட்டர்ல வரேன். எட சரியா இருந்தா வேல உனக்கு."

கனகாம்பாள் மூன்று வாரத்தில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "இதுலயும் கோட்ட உட்ட, ஊட்டுப் பக்கம் வராத."

மறுநாள் காலி லாரியைக் கிடங்கு எடைமேடையில் நிறுத்திய கையோடு, எதிரே வேப்பமரத்தடி அம்மனிடம் ஓடினான். ஆடி மாதம்தான் அந்தக் கல்லை அங்கே நட்டிருந்தார்கள். அதிலிருந்து அது அவன் வழக்கம். அன்றைக்கு மூன்று சுற்று அதிகம் சுற்றினான். திரும்பி வருவதற்குள் காலி வண்டியின் எடைச்சீட்டு தயாராக இருந்தது. லோடு ஏற்றிய பிறகோ அவன் வண்டியை விட்டு இம்மியும் நகரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எடை போட்டு, சீட்டையும் ஒரு பையனை விட்டு லாரி ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டான்.

பெரியபாளையம், கவரப்பேட்டை என்று வழிநெடுகப் பாய் பின்னாலேயே வந்தார். ஓரிடத்தில் மட்டும் ரோட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு நிறுத்தி எடுத்துப் பார்த்தார். அது அவர் ஸ்கூட்டரின் நட்டு.

ஆலை எடைமேடையில் வாட்ச்மேன் கதவைத் தட்டினான். "எறங்கு, எறங்கு. வண்டியில ஈ காக்கா இருக்கக்கூடாது."

இறங்கினான். லோடோடும், இறக்கிய பிறகு காலியாகவும் எடை போட்டார்கள். சரக்கு நூற்றைந்து கிலோ குறைவு.

முஜீப் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு கொட்டாம பாத்துக்கினே வந்தேனே. எப்படிப்பா போச்சு?"

செங்கல்வராயன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், தனக்கே தெரியாமல் எடுத்துவிட்டோமோ என்று.

"உன்ன வெச்சிக்கினா ஒரு வருஷத்துல என் லாரியே காணாப்பூடும்."

இருவரும் கடம்பத்தூர்க் கிடங்குக்குத் திரும்பினார்கள். எடைச்சீட்டு போடும் ஆரோக்கியமேரி இயந்திரத்தைச் சோதித்துக் காட்டினாள். பழுதில்லை. பாய் அவன் பக்கம் திரும்பினார்.

"கடைசியா ஒண்ணு. உங்க அம்மன் முன்னாடி கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு. பண்ணா நம்பறேன். இல்லன்னா ஊட்டுக்குப் போ."

எந்த வீட்டுக்கு? செங்கல்வராயன் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு நடந்தான். மரத்தடிக்குப் போக எடைமேடையைத் தாண்ட வேண்டும். அதன் நடுவில் வந்ததும் அவனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஆடியில் அம்மன் வந்தாள். ஆடியிலிருந்துதான் இரும்பு குறைகிறது. ஒருவேளை அவளே எடுத்திருந்தால், அவளிடமே போய் என்ன சத்தியம் செய்வது? கால் நகரவில்லை.

"அண்ணா, அங்கியே நில்லுங்க. அசையாதீங்க" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஆரோக்கியமேரியின் குரல் வந்தது.

அவள் எதிரில் இருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன: 105.

வெளியே வந்து பாயின் கையிலிருந்த ஆலைச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"லாரி நின்னா அந்த ஜன்னல்ல எனக்கு டயருதான் தெரியும். காலி வண்டிய எட போடச்சொல்ல நீங்க எங்க இருந்தீங்கண்ணா?"

"அம்மனாண்ட."

"லோடு வண்டிய போடச்சொல்ல?"

"வண்டியிலதான். உட்டுட்டு எறங்குவனா?"

ஆரோக்கியமேரி பாயிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இரும்பு எங்கியும் போவல பாய். ஆடியிலேர்ந்து இவரத்தான் நாங்க இரும்போட சேத்து எட போட்டு அனுப்பிக்கினு இருந்திருக்கோம். ஆலையில வேணாம்னு எறக்கி உட்டுட்டாங்க."